டெல்யுரைட் ரீகால்கள்: உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் கியா டெல்யுரைட் எஸ்யூவி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. அங்கே வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு நிட்சா. ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது), புகார், விசாரணை எல்லாம் அதன் தளத்தில் பொதுப் பதிவாக இருக்கின்றன. வேறு வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகளும் சில உண்டு.

கேள்வி (டாலஸ்): கியர் "பி"யில் (பார்க், அதாவது நிறுத்தும் நிலை) இருந்தாலும் வண்டி உருளலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. பி போட்டால் பூட்டிக்கொள்ளாதா சார்?

பூட்டிக்கொள்ளும். ஆனால் பூட்டு இருப்பது கியர்பாக்ஸுக்குள், சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வலது முன்சக்கரத்துக்குப் போகும் வழியில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டு இருக்கிறது. அதன் முனையிலுள்ள நீளவாட்டுப் பற்கள் அடுத்த தண்டுக்குள் முழுசாக இறங்கி உட்கார வேண்டும். சில வண்டிகளில் பாதிதான் இறங்கியிருக்கிறது. பாதிப் பிடிப்பில் ஓட ஓட அந்தப் பற்கள் தேயும். முழுக்கத் தேய்ந்தால் வலது பக்கம் பிடி விட்டுப்போகும். இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் இயல்பு, ஒரு பக்கம் பிடியில்லாமல் சுற்ற முடிந்தால் மறுபக்கமும் சுற்றும். கியர்பாக்ஸ் பூட்டியே இருக்கும், வண்டி மட்டும் சரிவில் இறங்கும்.

2024 மார்ச்சில் அறிவித்த ரீகால் இது. 2020 முதல் 2024 வரையிலான மாடல்களில் 4,27,407 வண்டிகள் இதில் அடங்கும். வேலை முடியும்வரை ஒவ்வொரு முறையும் பார்க்கிங் பிரேக் போடுங்கள், சமதளமாக இருந்தாலும். அது பின்சக்கரங்களை நேரடியாகப் பிடிப்பதால் இந்தக் கோளாறு அதைத் தொடாது. கால் பிரேக்கில் இருக்கும்போதே பி போட்டு, பார்க்கிங் பிரேக் சுவிட்சை இழுத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா பார்த்த பிறகு காலை எடுங்கள். ஆட்டோ ஹோல்டின் பச்சை விளக்கை நம்பி இறங்க வேண்டாம். அது சிக்னலில் நிற்பதற்கான வசதி.

கேள்வி (அட்லாண்டா): டீலர் வெறும் சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும் செய்து அனுப்பிவிட்டார். தேய்ந்த தண்டுக்கு சாஃப்ட்வேர் மருந்தா?

நியாயமான கோபம்தான். அப்டேட் தண்டைச் சரிசெய்யாது. வண்டி உருளாதபடி எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வேலை செய்யும் விதத்தை மாற்றுகிறது, அவ்வளவே. சேதமான தண்டை மாற்றித் தருவதும் அதே ரீகாலில் உண்டு. அதனால் "தண்டைச் சோதித்தீர்களா, என்ன நிலை?" என்று கேட்டு, பதிலை ரிப்பேர் ஆர்டரில் (டீலர் தரும் வேலைச் சீட்டு) எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது வலது முன்பக்கம் கரகரவென்று அரைபடும் சத்தம் கேட்டாலோ, ஆக்சிலரேட்டர் மிதித்தும் இன்ஜின் மட்டும் உறுமி வண்டி தயங்கினாலோ, வாய்வார்த்தையாகச் சொல்லாமல் சர்வீஸ் அட்வைசரிடம் அதையும் எழுதவைத்துவிடுங்கள்.

கேள்வி (எடிசன்): சீட் ரீகால் விஷயம் உண்மையா அண்ணா? சீட் எப்படித் தீப்பிடிக்கும்? எங்களுக்கு அப்பார்ட்மென்ட் கேரேஜ்தான்.

உண்மைதான். 2024 ஜூனில் வந்தது, 4,62,869 வண்டிகள், 2020 முதல் 2024 வரை. அறிவித்தபோது இருக்கைக்கு அடியில் ஒரு தீயும், மோட்டார் பகுதி உருகிய 6 சம்பவங்களும் பதிவாகியிருந்தன.

முன் இருக்கையின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியிலோ, இருக்கையை நகர்த்தும் குமிழிலோ ஏதாவது இடித்தால், மூடிக்குப் பின்னால் சுவிட்ச் இடம் பிசகி, அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். சிக்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இருக்கை நகர இடமில்லாமல் மோட்டார் சூடேறி, உருகி, தீயாகும். வண்டி நின்றிருக்கும்போதும் இது நடக்கலாம் என்பதால்தான் "வெளியே, கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள்" என்று சொன்னார்கள்.

இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று. குமிழை ஒவ்வொரு திசையிலும் தள்ளி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்'கென்று நடுவுக்குத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினாலோ, கையை எடுத்த பிறகும் 'ம்ம்ம்' என்று மோட்டார் சத்தம் கேட்டாலோ அது சந்தேகத்துக்குரியது. இருக்கை திடீரென்று நகராமல் போவது, பிளாஸ்டிக் கருகும் வாடை, அடியிலிருந்து புகை மூன்றும் அபாய அறிகுறிகள். வண்டியைக் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். வாக்யூம் குழாயால் அந்த மூடியை இடிப்பதும், சீட் கவர் மாட்டுபவர் மூடியை நெம்புவதும் வேண்டவே வேண்டாம்.

ரீகாலில் சுவிட்சின் பின்மூடிக்கு ஒரு பிராக்கெட் மாட்டி, குமிழ்களை மாற்றுகிறார்கள். அதுவரை கேரேஜ் நிர்வாகத்திடம் ரீகால் கடிதத்தைக் காட்டித் திறந்தவெளியில் இடம் கேளுங்கள். பவர் சீட் ஃபியூஸைக் கழற்றினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சரியான ஃபியூஸைக் கழற்றினால் மின்சாரம் நிற்கும், ஆனால் வெளியே நிறுத்தச் சொன்ன அறிவுரைக்கு அது மாற்று ஆகாது.

கேள்வி (ஷார்லட்): டோ ஹிட்ச் (டிரெய்லர் இழுக்கும் கொக்கி) ரீகால் எங்கள் வண்டிக்கும் பொருந்துமா? நாங்கள் டிரெய்லர் இழுப்பதே இல்லை.

இழுக்கிறீர்களா என்பது கேள்வி இல்லை. அந்த வயரிங் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. பின் பம்பருக்குக் கீழே டிரெய்லர் விளக்குக்கான பிளக் தெரிந்தால் இருக்கிறது என்று பொருள். அதன் மாட்யூலுக்குள் ஈரமும் அழுக்கும் புகுந்து சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆகலாம், வண்டி அணைந்திருக்கும்போதும். 2022 ஆகஸ்டில் டெல்யுரைட்டில் 36,417 வண்டிகளும், ஹூண்டாய் பாலிசேடில் அதைவிடப் பல மடங்கும் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டியாக வாங்கியிருந்தால் முதல் உரிமையாளர் மாட்டியிருக்கலாம். குனிந்து பாருங்கள்.

கேள்வி: 2023 மாடலில் கதவுக் கண்ணாடிக்குக் கீழே ஓடும் பட்டை உரிகிறது. ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்ட வேண்டாம். 2025-ல் அதற்கும் ரீகால் வந்துவிட்டது, 2023 முதல் 2025 வரையிலான மாடல்களுக்கு. நெடுஞ்சாலையில் பறந்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. இலவசமாக மாற்றித் தருவார்கள்.

கேள்வி (சான் ஹோசே): எங்களுடையது வேறு கம்பெனி எஸ்யூவி. முன்னால் ஒன்றுமே இல்லாதபோது 65 மைல் வேகத்தில் தானாக பிரேக் பிடித்தது. டீலர் "கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை" என்று அனுப்பிவிட்டார். நிட்சாவில் புகார் போட்டால் யாராவது படிப்பார்களா?

படிப்பார்கள். 2022 பிப்ரவரியில் ஹோண்டா சிஆர்-வி, அக்கார்டு வண்டிகளின் தானியங்கி பிரேக் பற்றி நிட்சா விசாரணை தொடங்கியபோது கையில் இருந்தவை 278 புகார்கள். விசாரணைக்குள் வந்தவை சுமார் 17 லட்சம் வண்டிகள். 2024-ல் விசாரணையை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தி சுமார் 30 லட்சம் வண்டிகளாக விரித்தார்கள். ஆகவே ஒரு புகாருக்கும் எடை உண்டு, சரியாக எழுதியிருந்தால்.

"படுமோசமான வண்டி, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்" என்று எழுதினால் பொறியாளருக்கு அதில் எடுக்க ஒன்றும் இல்லை. 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்), தேதி, ஓடிய மைல், வேகம், வெயிலா மழையா, எதிரே சூரியன் இருந்ததா, மேலே பாலமா, பக்கத்தில் லாரியா, டேஷ்போர்டில் என்ன எச்சரிக்கை வந்தது, எத்தனை நொடி பிரேக் பிடித்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், டீலரின் ரிப்பேர் ஆர்டர் எண் என்ன என்று எழுதுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் மேலெழுதப்படுவதற்குள் அன்றே எடுத்து வையுங்கள். ஒரு புகாரில் ஒரு கோளாறு. பிரேக்கோடு சேர்த்துத் திரை உறைவதையும் எழுதினால் இரண்டும் வலுவிழக்கும்.

டீலரிடம் சொன்னது நிட்சாவில் சொன்னதாகாது. ஃபயர்ஸ்டோன் டயர், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விவகாரத்துக்குப் பிறகு 2000-ல் வந்த ட்ரெட் சட்டப்படி கம்பெனிகள் தங்களிடம் வரும் புகார் விவரங்களை நிட்சாவுக்குக் கொடுக்க வேண்டும். அங்கே உங்களுடையது தொகையில் கரைந்துவிடும். உங்கள் வாக்குமூலம் நேரில் போகட்டும்.

கேள்வி: நிறையப் பேர் புகார் செய்தால் ரீகால் நிச்சயமா?

இல்லை. 2011 முதல் 2017 வரையிலான எக்ஸ்ப்ளோரரில் கேபினுக்குள் புகை வாடை வருவதாக ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். 2016-ல் தொடங்கிய விசாரணை 2023 ஜனவரியில் ரீகால் இல்லாமலே முடிந்தது.

கேள்வி: பழைய டெல்யுரைட் பார்த்திருக்கிறோம். டீலர் ரீகால் வேலையை முடித்துத்தானே விற்க வேண்டும்?

அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டம் பழைய வண்டிகளுக்கு இல்லை. வாடகைக் கார் நிறுவனங்களுக்குத்தான் 2016 ஜூனிலிருந்து தடை இருக்கிறது, அதுவும் 35 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வின் எண்ணை நிட்சா தளத்தில் போட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு முகவரியைக் கம்பெனியில் மாற்றாவிட்டால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போகும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள்வரை ரீகால் வேலை இலவசம், யார் கையில் வண்டி இருந்தாலும்.

கேள்வி (சான் டியேகோ): ஒரே பிரச்சினைக்கு மூன்று முறை போய்விட்டோம். லெமன் சட்டம் (திரும்பத் திரும்பக் கெடும் வண்டி வாங்கியவரைக் காக்கும் சட்டம்) உதவுமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், உயிருக்கு ஆபத்தான கோளாறுக்கு 2 முறை, மற்றவற்றுக்கு 4 முறை சரிசெய்ய முயன்றும் தீரவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி பட்டறையில் கிடந்தாலோ சட்டம் உங்கள் பக்கம் சாயும். ஒவ்வொரு தடவையும் ரிப்பேர் ஆர்டரில் கோளாறு ஒரே சொற்களில் இருக்க வேண்டும். முதல் முறை "சத்தம்", அடுத்த முறை "அதிர்வு" என்றிருந்தால் அவை வேறு வேறு பிரச்சினைகள் என்று வாதிடுவார்கள்.

கேள்வி: ரீகால் வருவதற்கு முன்பே கைக்காசு போட்டு அதே பாகத்தை மாற்றிவிட்டோம். போனது போனதுதானா?

போகவில்லை. ரீகால் கடிதத்திலேயே பணம் திரும்பக் கேட்கும் வழி இருக்கும். பில், பணம் கட்டிய ரசீது, வின் எண் மூன்றையும் அனுப்புங்கள். வாரண்டியில் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய வேலையை வெளியில் செய்திருந்தால் மறுக்கலாம். வாரண்டி கேட்டு மறுத்தார்கள் என்றால் அந்த மறுப்புத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். காலக்கெடு உண்டு, கடிதத்தின் தேதியைப் பாருங்கள்.