டயரை அகலமாக்கி, காரைத் தாழ்த்தினேன். ஸ்டியரிங் ரேக்கை மாற்றச் சொல்கிறார்கள்!

கேள்வி: காரில் இருந்த 185/65 ஆர்15 டயர்களை எடுத்துவிட்டு, 205/50 ஆர்16 டயரும் அலாய் வீலும் போட்டேன். கூடவே குட்டை ஸ்பிரிங் மாட்டி 40 மி.மீ. தாழ்த்தினேன். இப்போது சாலையில் பள்ளமாகத் தேய்ந்த தடம் வந்தால் கார் அதன் போக்கில் இழுக்கிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதில்லை. முன் டயர்களின் உள்விளிம்பு மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது. ரேக் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு அதைத் தொடவே வேண்டாம். ரேக் என்பது ஸ்டியரிங்கின் சுழற்சியை இடவலமாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம். அது தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியும், மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும். நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை. ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றியதிலிருந்து வந்த தொல்லைக்கு ரேக்கின் மேல் பழி போடுகிறார்கள். விலை அதிகமான பாகம் என்றால் சிலருக்கு நோய் உடனே பிடிபட்டுவிடும்!

இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சக்கரம். டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகிவிடும் என்று நினைக்கிறோம். எடையும் காற்றும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும், அகலம் கூடி நீளம் குறையும். அந்த அகலத்தின் ஒரு ஓரம் மட்டும் தடத்தின் சரிவில் ஏறும்போது ஸ்டியரிங் கையில் வெட்டி இழுக்கும். அப்புறம் ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அதை போல்ட் போட்டு இறுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம். சக்கரத்தின் உட்புறத்தில் 'ஈடி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பழைய சக்கரத்தில் 45, புதியதில் 35 என்றால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது என்று பொருள். சாலையின் ஒவ்வொரு உதையும் அந்த அளவுக்கு நீண்ட நெம்புகோல் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தகடு) போட்டிருந்தாலும் இதே கதைதான், முதலில் அதைக் கழற்றுங்கள்.

உள்விளிம்புத் தேய்மானத்துக்கு எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, குறை சொல்வார்கள். கேம்பர் போல்ட் விற்பவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது உண்மைதான். ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது இரண்டு சக்கரங்களும் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும், ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் வேறு வேறு வளைவில் ஏறி இறங்குவதால், உயரம் மாறினாலே டோவும் மாறிவிடும். ஒரு சக்கரம் வெறும் அரை டிகிரி திரும்பி நின்றால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போவதற்குச் சமம். ரப்பர் என்ன செய்யும், பாவம்.

ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்பாததற்கு ஸ்பிரிங் மாட்டிய விதத்தைச் சந்தேகிக்கிறேன். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் சக்கர வளைவுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். (இன்ஜின் அணைந்திருக்கட்டும், விரல் சுருளுக்கு நடுவே போகக் கூடாது.) ஸ்பிரிங் வழுக்கிச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று துள்ளினால், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் பேரிங் சரியாக உட்காரவில்லை. இன்னொன்று: கார் லிஃப்டில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் அந்த ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்கள் எடை தாங்கி நிற்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். செலவில்லாத வேலை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது, அதுவும் நான்கு சக்கரத்துக்கும். 'திரையில் எல்லாம் பச்சை' என்றால் நம்பாதீர்கள். முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளை வாங்குங்கள். கதவில் டயர் காற்றழுத்தத்தை ஒட்டத் தெரிந்த நிறுவனங்களுக்கு, டோ அளவைப் பக்கத்தில் ஒரு வரி அச்சிட மட்டும் ஏனோ மனம் வருவதில்லை. வாடிக்கையாளர் கேட்டால் சர்வீஸ் சென்டரில் ரகசியம் போலப் பார்க்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் 205/50 ஆர்16 என்றே இருந்தால், டயரைப் பற்றிய கவலையில் பாதியை விடலாம். பாதிதான்! அந்த அளவு, நிறுவனம் குறித்த ரிம் அகலத்துக்கும் ஆஃப்செட்டுக்கும் சேர்த்துத்தான் செல்லும். வெளிக்கடையில் வாங்கிய ரிம்மில் அதே டயரைப் போட்டால் அது அதே சக்கரம் ஆகாது. உயர் மாடலில் அந்த டயருக்காக ஸ்டியரிங் திரும்பும் அளவையே குறைத்திருக்கலாம். உங்கள் மாடலில் முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசும். டயரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள சுமை எண்ணையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயர் தாங்குவது 560 கிலோ, 87 என்றால் 545. அகலமான டயர் அதிகம் தாங்கும் என்பது கட்டாயமில்லை.

கடைசியாக, 'குட்டை ஸ்பிரிங்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது வாங்கியதா, பழையதை அறுத்ததா? நுனியைப் பாருங்கள். கிரைண்டர் பட்ட தடம் இருக்கிறதா? ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தில் தளர்ந்து ஆடினால், அலைன்மென்டுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பழைய உயரத்துக்கான ஸ்பிரிங்கை வாங்குங்கள்.