இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் ராணுவத்துக்கு இளநிலை அதிகாரிகளை எப்படித் தேர்ந்தெடுத்தது?

தொடக்கத்தில் சில நிமிட நேர்காணல்தான். எந்தப் பள்ளி, என்ன குடும்பம் என்று பார்த்தே முடிவெடுத்தார்கள். பயிற்சிப் பள்ளியில் பலர் தேறவில்லை. பழைய படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பயிற்சியிடம், ஆசிரியர், நேரம் மூன்றும் வீண்.

1942-இல் தேர்வு வாரியங்கள் வந்தன. சுமார் மூன்று நாள் தங்கல். பெயருக்குப் பதில் எண் பட்டை. எழுத்துத் தேர்வுகள், மனநல மருத்துவருடன் பேட்டி எல்லாம் உண்டு. ஆனால் உயிர்நாடி தலைவனற்ற குழுப்பணிதான். ஏழெட்டுப் பேரிடம் பலகை, கயிறு கொடுத்து, 'இந்தத் தடையைக் கடந்து செல்லுங்கள்' என்பார்கள். யார் தலைவர் என்று சொல்லமாட்டார்கள். சத்தம் போடுபவருக்கு மதிப்பெண் இல்லை. தன் யோசனை தோற்றதும் அடுத்தவர் யோசனைக்குத் தோள் கொடுக்கிறாரா என்பதையே கவனித்தார்கள். மருத்துவர் கருத்துதான் சொல்லலாம். இறுதி முடிவு வாரியத் தலைவரான ராணுவ அதிகாரியுடையது. இந்திய ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நம் எஸ்எஸ்பி தேர்வின் வேர் இதுவே.