வளைய மறுக்கும் மரப்பட்டி

கேள்வி: சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் செய்துவருகிறேன். உடலின் விளிம்பில் ஒட்ட எடுத்த மேப்பிள் பட்டி, கழுத்தையொட்டிய குழிவான வளைவில் இருமுறை முறிந்துவிட்டது. விரல்பலகையில் அலங்காரச் சிப்பி பதிப்பதை, ஃப்ரெட் எனும் குறுக்கு உலோகக் கம்பிகளை அடிப்பதற்கு முன் செய்வதா, பின் செய்வதா?

பதில்: பிளாஸ்டிக் பட்டியென்றால் இந்தத் தொல்லை இருந்திராது; ஆனாலும் மரத்தின் அழகு அதற்கு வராது என்பதால் உங்கள் பிடிவாதத்தை நான் குறை சொல்லமாட்டேன். இழையோட்டம் நேராக உள்ள பட்டியைத் தேர்ந்து, 1.5 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, லேசாக நனைத்து, தண்ணீர்த் துளி பட்டதும் சீறிப் பறக்கும் அளவுக்குச் சூடான உலோகக் குழாயின்மேல் வைத்து, மரம் தானாக இளகுவதைக் கை உணரும்வரை மெதுவாக அழுத்துங்கள். வளைவின் வெளிப்புறத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் இழை பிளக்காது. பெரும்பாலான முறிவுகள் அவசரத்தால் நேர்பவையே. ஆறும்வரை அதே வடிவில் பிடித்திருந்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பின்னரே ஒட்டுங்கள்.

சிப்பியை ஃப்ரெட்டுக்கு முன்பே பதித்துவிடுங்கள். சிப்பியின் விளிம்பைக் கூரிய கத்தியால் பலகையில் வரைந்து, சிப்பி மயிரிழை மேலே நிற்குமாறு குழியைத் தோண்டி, பலகையின் மரத்தூளைக் குழைத்த எபாக்சிப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் பலகையின் வளைவுக்கேற்ற கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்க வேண்டும். ஃப்ரெட் இருந்தால் இப்படித் தேய்க்கவே முடியாது. சிப்பித்தூள் நுரையீரலுக்குக் கெடுதி, முகக்கவசமின்றி அறுக்காதீர்கள்.