கொப்பி போகிறது, அம்மா போவதில்லை

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. அம்மாவுக்கு 63 வயது. 11 வருடங்களாக நீரிழிவு இருக்கிறது, பிரஷரும் உண்டு. எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நாங்கள் இருக்கிறோம், அம்மா அதே வளவில் பின்பக்க அறையில் இருக்கிறார். சில மாதங்களாகப் பாதம் எரிகிறது, இரவில் மரத்துப்போகிறது என்கிறார். இப்படியான நோய்களுக்கெல்லாம் ஒட்சியேற்ற அழுத்தமே காரணம் என்று வாசித்துவிட்டு, கனடாவில் இருக்கும் அண்ணா விற்றமின் சீ, விற்றமின் ஈ, பீற்றா கரோட்டீன் மாத்திரைப் போத்தல்களை அனுப்பியிருக்கிறார். கிளினிக் மருந்தையும் நாங்கள் விடவில்லை. சீனிக்கான மெட்போமினும் பிரஷர் குளிசையும் தவறாமல் குடிக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் சின்னவனைப் பார்க்க ஆள் இல்லாததால் என் கணவர்தான் லீவு போட்டுக் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மருந்து எடுத்து வருகிறார். அம்மாவின் அனுசேபம், அதாவது உணவை உடம்பு சக்தியாக்கும் தொழிற்பாடு, சீராவதற்கு இந்த மாத்திரைகளில் எதை, எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: சகோதரி, மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். கொப்பியைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் அம்மா கடைசியாக எப்போது வைத்தியரின் முன்னால் அமர்ந்தார்? அதை நீங்கள் எழுதவில்லை. வாழைச்சேனையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வரும் கடிதங்களிலும் இதே வரியை வாசித்து எனக்குச் சலித்துவிட்டது: மகன் எடுத்து வருவான், மருமகன் எடுத்து வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்து வரும். கொப்பி கிளினிக்குக்குப் போகிறது; நோயாளி வீட்டில் பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அண்ணா வாசித்தது பொய்யல்ல, ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். நாம் உண்ணும் சோறும் பிட்டும் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. கலங்களுக்குள் உள்ள இழைமணிகள் ஒட்சிசனின் துணையோடு அதிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கின்றன. அந்த வேலையின்போது ஒட்சிசனில் ஒரு சிறு பங்கு சுப்பரொக்சைட் போன்ற, அருகில் உள்ளதைத் தாக்கும் மூலிகங்களாக மாறுவது இயல்பானது. அவற்றை அடக்குவதற்கு உடம்பு தன்னிடமே நொதியங்களை வைத்திருக்கிறது. உண்டாவது அடக்கக்கூடிய அளவை மீறும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம். நீரிழிவில் அது ஏன் மீறுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் விளக்கினார். இரத்தத்தில் சீனி கூடும்போது உடம்பின் பெரும்பாலான கலங்கள் தமக்குள் வரும் குளுக்கோசைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. ஆனால் விழித்திரையின் நுண்குழாய்கள், சிறுநீரகத்தின் வடிகட்டிகள், நரம்புகள் ஆகியவற்றின் கலங்களால் அப்படிச் செய்ய முடிவதில்லை. வருவதையெல்லாம் உள்ளே விட்டு, அரிசி ஆலைக்குள் அளவுக்கு மீறி நெல்லைக் கொட்டியதைப் போல இழைமணிகள் திணறி, சுப்பரொக்சைட் பெருகி, அந்தக் கலங்கள் சேதமடைகின்றன. பெரிய இரத்தக்குழாய்களும் தப்புவதில்லை. குழாயைத் தளர்த்திவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை அதே மூலிகங்கள் அழிக்கின்றன, குழாய்ச் சுவரில் கெட்ட கொலஸ்ட்ரோல் ஒட்சியேற்றமடைந்து படிகிறது. மாரடைப்பும் பாரிசவாதமும் அந்த வழியாகவும் வருகின்றன.

ஆகவே கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய். இவற்றில் எதை உங்கள் கணவர் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனார்? விழித்திரையைப் பார்க்க அம்மாவின் கண் வேண்டும். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அம்மாவின் கால் வேண்டும். பிரஷர் பார்க்க அவருடைய கை வேண்டும். மெட்போமின் நல்ல மருந்து, ஆனால் சிறுநீரகத்தின் செயற்பாடு குறைந்துவிட்டால் அதன் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். பல வருடங்கள் அதைக் குடிப்பவர்களுக்கு விற்றமின் பீ12 குறையவும் கூடும், அந்தக் குறைவும் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். அம்மாவின் கால் எரிவது சீனியினாலா, பீ12 குறைந்ததாலா, இரண்டினாலுமா? இரத்தத்தைச் சோதிக்காமல் இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அண்ணாவின் போத்தலும் சொல்லாது. கொப்பியைத் திறந்து பாருங்கள். சீனி அளவை எழுத வேண்டிய இடத்தில் கடைசியாக எந்தத் திகதி இருக்கிறது?

இனி மாத்திரைக்கு வருகிறேன். மூலிகங்கள் கெடுதல் செய்கின்றன என்றால் அவற்றை அழிக்கும் மாத்திரை நன்மை செய்ய வேண்டும் என்றுதான் ஆய்வாளர்களும் எண்ணினார்கள். எண்ணியதோடு நிற்காமல் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தபோது, பீற்றா கரோட்டீன் குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகமாக இருந்தது. இருதய நோய் உள்ளவர்களும், நீரிழிவோடு வேறு ஆபத்துக்காரணியும் உள்ளவர்களுமாக 9,500க்கு மேற்பட்டோருக்கு விற்றமின் ஈ கொடுத்த ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. 2009இல் ஜேர்மனியில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் சீயும் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை குடிக்காதவர்களின் உடம்பில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தசை உழைக்கும்போது எழும் சிறிதளவு மூலிகங்களே, தற்காப்பு நொதியங்களைப் பெருக்குமாறு உடம்புக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை அமர்த்திவிடுகிறது. ஆகவே எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், எதையும் கொடுக்க வேண்டாம் என்பதே. முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் சுண்டிக் கொடுங்கள், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் சுண்டலைக் கூட்டியதோடு கோப்பையில் உள்ள சோற்றையும் குறைக்க வேண்டும்.

பலன் எங்கே கிடைத்தது என்பதையும் சொல்கிறேன். 1977இல் பிரித்தானியாவில் தொடங்கி, 5,102 நீரிழிவு நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று உண்டு. சுமார் மூன்று மாதச் சீனியின் சராசரி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 1 வீதம் குறைவாக இருந்தவர்களிடம், கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்குழாய்ச் சேதம் 37 வீதம் குறைவாகக் காணப்பட்டது. மூலிகங்கள் பிறந்த பின் அவற்றைத் துரத்துவதைவிட, அவை பெருகாதபடி சீனியைக் குறைப்பதே வழி. அதற்கு அளவு தெரிய வேண்டும். அளவு தெரிய அம்மா கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் இருக்கிறார், சகோதரி. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வரிசையில் நிற்கும் உங்கள் கணவர், அதே செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்து தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அம்மா தன் கொப்பியைத் தானே கொண்டுபோகலாம். இந்த எளிய மாற்றம் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாததற்குக் காரணம், பிள்ளையைப் பார்ப்பது அம்மாவின் வேலை என்று நீங்கள் எல்லோரும் எப்போதோ தீர்மானித்துவிட்டதுதான். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் பின்வளவுக்குப் போகிறாள். அது மகளின் கண்ணெதிரில் முதுமையைக் கழிக்கலாம் என்ற நம்பிக்கையில் நடக்கும் கொடுக்கல். சம்பளமில்லாத ஆயாவாக இருப்பதற்கு எழுதிக்கொடுத்த உறுதி அல்ல. வீட்டை வாங்கிக்கொண்டவருக்கு அம்மாவின் கண்ணும் காலும் பொறுப்பு. அண்ணாவுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. தபாற்செலவோடு அது தீர்ந்துவிடாது. ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் அவர் தொலைபேசியில் அம்மாவிடம் சீனி எத்தனை என்று கேட்கட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை நீங்களும் லீவு எடுத்து அம்மாவோடு போங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுப்பீர்கள்தானே. அன்றுவரை தினமும் இரவில் அவருடைய பாதத்தை வெளிச்சத்தில் வைத்து விரல் இடுக்குவரை நீங்களே பாருங்கள், வளவிலும் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் ஒன்று இருந்தால் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக்கில் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், பீ12, கண் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். அங்கே செய்ய முடியாததை வெளியில் செய்ய அண்ணாவின் மாத்திரைக் காசு உதவும். போத்தல்களையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். கால் எப்படி எரிகிறது என்று அவர் விசாரிக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல், அம்மாவையே சொல்ல விடுங்கள்.