சம்பளமில்லாத வேலைக்கு ராத்திரி ஒரு மணி வரை ஏன் விழித்திருக்கிறான்?

அம்மா, காசில்லாமல் ராத்திரி ஒரு மணி வரை உழைக்கிறானே, மகனை யாராவது ஏமாற்றுகிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நேராகவே பதிலுக்கு வருகிறேன். உங்கள் மகனை யாரும் ஏமாற்றவில்லை. மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் காசு வாங்காமல் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய மென்பொருளுக்கு, கையேடு எழுதுவது உங்களுக்குப் புதிது. அந்த உலகத்தில் அது பழைய வழக்கம். நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல் என்கிற, போனின் அடித்தளமான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன் என்று சொல்லித்தான் அதை ஆரம்பித்தார்.

காசு வராமல் ஏன் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லக்கானி, உல்ஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதுகிற 684 பேரைக் கேட்டார்கள். புதிதாக ஒன்றை உருவாக்குகிற சுகம்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. தனக்கே அந்த மென்பொருள் தேவைப்பட்டது, திறமை வளர்கிறது என்பதெல்லாம் அதற்கடுத்துதான். இன்னொன்றும் தெரிந்தது: அவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அந்த வேலைக்கே சம்பளம் வந்துகொண்டிருந்தது.

உங்கள் மகன் கையேடு எழுதுகிறான் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இத்தகைய மென்பொருள்களைச் சேர்ந்து எழுத உதவும் இணையதளமான கிட்ஹப் 2017-ல் எடுத்த கணக்கெடுப்பில் 93 சதவீதம் பேர், கையேடுகள் அரைகுறையாக, பழசாக இருக்கின்றன என்று குறைப்பட்டார்கள். அதைச் சரிசெய்ய உட்காருவது அபூர்வம் அல்லது இல்லவே இல்லை என்றவர்கள் 60 சதவீதம்! ஆள் இல்லாத இடத்தில் போய் நிற்கிறான் பையன்.

ராத்திரி அவன் என்ன செய்கிறான் தெரியுமா? கையேட்டில் சொன்னபடி மென்பொருளைத் தன் லேப்டாப்பில் நிறுவுகிறான். நாலாவது படியில் எரர் வருகிறது. கட்டளை பழைய பதிப்புக்கானது என்று கண்டுபிடிக்கிறான், திருத்தி அனுப்புகிறான். அந்த மென்பொருளைப் பராமரிக்கிற முகம் தெரியாத ஒருவர், "இந்த வரி புதியவருக்குப் புரியாது" என்று திருப்பி அனுப்புகிறார். மறுபடி எழுதுகிறான். கடைசியில் ஏற்றுக்கொண்டால் அவன் பெயரும் தேதியும் அங்கே பதிவாகிவிடும். நாளைக்கு இன்டர்வியூ எடுப்பவர் திறந்து பார்க்கலாம்.

பார்ப்பாரா என்றால், எல்லோரும் பார்ப்பதில்லை. கேம்பஸுக்கு வருகிற பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் முதல் சல்லடை சிஜிபிஏ, அரியர், ஆப்டிட்யூட் டெஸ்ட். அங்கே இதற்கு மதிப்பெண் கிடையாது. சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கிற சின்ன ப்ராடக்ட் கம்பெனிகளில்தான் இது பேசும்.

ஒரு விஷயம் மட்டும் அவனிடம் கேளுங்கள், அதட்டாமல்: "எதுக்குடா செய்யறே?" ரெஸ்யூமேவுக்காக மட்டும் என்றால் சீக்கிரம் சலித்துவிடும், தரமும் இருக்காது. ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க ஆள் சேர்க்கிற ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற இணைய விழாவில் 2020 அக்டோபரில் இது சந்தி சிரித்தது. நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ஆயிரக்கணக்கானோர் அறிமுகப் பக்கத்தில் "அற்புதமான ப்ராஜெக்ட்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். மென்பொருளைப் பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள், நடத்தியவர்கள் பாதியிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. "எனக்கே அந்த எரர் வந்துச்சும்மா, அதான்" என்று உங்கள் மகன் சொன்னால் நிம்மதியாக இருங்கள்.

காசும் வேண்டுமென்றால், புதியவர்களை ஓப்பன் சோர்ஸ் வேலையில் சேர்க்கிற கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் இருக்கிறது. 2005 முதல் நடக்கிறது, உதவித்தொகை உண்டு, விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில். அது நிரல் எழுதுகிற வேலை, ஆகவே கையேட்டோடு நிற்காமல் அதே மென்பொருளின் சின்னச் சின்னப் பிழைகளையும் அவன் இப்போதிருந்தே தொட்டுப் பார்க்கட்டும். ஏற்கெனவே பழகிய முகத்துக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். தமிழில் எழுதும் ஆசை இருந்தால் இத்தகைய மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுகிற கணியம் இணைய இதழைக் காட்டுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் கணக்குப் பேப்பரில் ஒரு அரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதில்தான். அது முடிகிறவரை கையேட்டு வேலை சனி, ஞாயிறு மட்டும் என்று அவனோடு பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். லேப்டாப்பைப் பிடுங்கி வைக்காதீர்கள்.