பெயர் உங்களுடையது, கடன் மட்டும் மாமாவுடையதா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 29. மும்பை செம்பூரில் அம்மாவுடன் வசிக்கிறேன். வாஷியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 58,000 ரூபாய். ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே (சுற்றிப்பார்த்துக்கொண்டே வேலையும் செய்யும்) விசாவுக்கான குலுக்கலில் என் பெயர் தேர்வாகியிருக்கிறது. டாஸ்மேனியா தீவில் ஒரு குடும்பத்தின் பண்ணை வீட்டில் மூன்று மாதம் தங்கி, வாரம் 25 மணி நேரம் அவர்களுக்கு வேலை செய்வேன். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், சம்பளம் கிடையாது. அதன்பின் பழத்தோட்டங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதாகத் திட்டம். ஏற்பாடுகளுக்கு ஏஜென்ட் 1.75 லட்சம் கேட்கிறார், உடனே கிளம்பச் சொல்கிறார்.

வைப்புத்தொகையாக 3.2 லட்சம் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கல்யாணில் இருக்கும் என் தாய்மாமாவின் ஸ்டேஷனரி கடைக்காக என் பெயரில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்தோம். வட்டி 14%, மாதத் தவணை 11,634. இதுவரை போன 30 தவணைகளில் 11 தவணையை நான் கட்டும்படி ஆனது. இப்போது வங்கி அதையே 8 லட்சமாக டாப்-அப் செய்து தருவதாகச் சொல்கிறது. “என் தவணையை நான் கட்டிவிடுகிறேன், நீ நிம்மதியாகப் போய்வா” என்கிறார் மாமா. டாலரில் சம்பாதித்து மீதியை அடைத்துவிடலாமா? ஒரு செயலியில் டாலர் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாத முதலீடு) போடச் சொல்கிறார்கள், அதையும் தொடங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர்

பதில்: விசா, விமானம், பண்ணை வீடு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மாமாவின் கடனை நான்கு வரியில் முடித்திருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த நான்கு வரிக்குள்தான் இருக்கிறது. டாஸ்மேனியாவில் ஒரு குறையும் இல்லை.

முதலில் அந்தக் கடனை “மாமாவின் கடன்” என்று சொல்வதை நிறுத்துங்கள். வங்கியின் ஏட்டில் மாமா என்று ஒருவரே கிடையாது. கையெழுத்து உங்களுடையது, கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் உங்களுடையது. தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்பினால், காசோலை திரும்பியதற்குப் போடுவதைப் போன்ற வழக்கை 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் மீதுதான் போடலாம். அந்தக் கடிதம் செம்பூர் வீட்டுக்கு வரும்போது நீங்கள் டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் இருப்பீர்கள். அம்மா அதை வாங்கி மாமாவிடம்தான் காட்டுவார்.

நீங்கள் கட்டிய 11 தவணையைக் கூட்டிப் பார்த்தீர்களா? 1.28 லட்சம் ரூபாய். இதை எழுதும்போது உங்களுக்குக் கூச்சம் இருந்திருக்கிறது, “கட்டும்படி ஆனது” என்கிறீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தருகிறேன், கணபதி முடியட்டும், தீபாவளி வியாபாரம் வரட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கும். ஸ்டேஷனரி கடைக்கு ஜூன் மாதம் அறுவடைக் காலம். அப்போதும் தவணை வரவில்லை என்றால், கடையின் வருமானத்தில் உங்கள் கடனுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்று பொருள்.

இனி டாப்-அப். இதைச் சொல்லித்தருபவர்கள் “தவணை கொஞ்சம்தான் கூடும்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பழைய கடனில் இன்னும் நிற்பது சுமார் 2.93 லட்சம். 8 லட்சம் கடனில் அது கழிந்தால் கைக்கு வருவது 5.07 லட்சம். நீங்கள் அனுப்பிய தாளில் “கடன் பாதுகாப்புக் காப்பீடு” என்று 38,000 ரூபாயும் பரிசீலனைக் கட்டணமும் இருக்கின்றன. அவை போக நாலரை லட்சத்துச் சொச்சம் மிஞ்சும். அதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 18,615 ரூபாய், மொத்தம் 11.17 லட்சம் கட்ட வேண்டும். மாமா தன் பங்கான 11,634-ஐ ஒழுங்காகவே கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்குப்படி இன்னும் 30 தவணையில் அவர் கடன் முடிந்துவிடும். புதுக் கடனோ 60 மாதம் ஓடும். பின்பாதி 30 மாதமும் முழு 18,615-ஐ யார் கட்டுவது? இதை நீங்கள் மூவரும் ஒருமுறைகூடப் பேசியிருக்க மாட்டீர்கள்.

டாலரில் சம்பாதித்து அடைப்பதற்கு வருவோம். ஓர் ஆஸ்திரேலிய டாலரை 58 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று மாதம் நீங்கள் பண்ணை வீட்டில் இருப்பீர்கள். சோறும் அறையும் கிடைக்கும், பணம் கிடைக்காது. புதுக் கடனின் தவணை மட்டும் மாதாமாதம் 321 டாலர் நிற்கும். அடுத்து பழத்தோட்டம். ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஹ்யூவான் பள்ளத்தாக்கு ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் பேர்போனது. செர்ரி பறிப்பது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. தற்காலிகத் தொழிலாளிக்கு மணிக்கு ஏறத்தாழ 30 டாலர் என்று கொள்ளலாம். வாரம் 30 மணி நேரம் கிடைத்தால் 900. உங்கள் விசாவில் இருப்பவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15% வரி, அது போக 765. அறைக்கு 250, சாப்பாடு போக்குவரத்துக்கு 150 கழித்தால் வாரம் 365 டாலர் நிற்கும். பத்து வாரப் பருவத்தில் 3,650 டாலர், அதாவது 2.1 லட்சம் ரூபாய். எல்லாம் சரியாக நடந்தால்தான் இது. பழுத்த செர்ரி மேல் மழை பெய்தால் தோல் வெடித்துவிடும். தோட்டக்காரர்கள் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டுப் பழத்தை உலர்த்துவதுகூட உண்டு. அவர்களுக்கே அந்தப் பாடு என்றால், பறிக்கப் போகிறவர் மழை நாளில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதிய நிதிக்குப் போடும் 12 சதவீதத்தையும் பெரிதாக எண்ணாதீர்கள். நாட்டைவிட்டு வெளியேறி அதைத் திரும்பப் பெறும்போது 65% வரியாகப் போய்விடும்.

ஆக, இந்த ஆண்டு உங்களுக்கு அனுபவத்துக்கான ஆண்டு. செலவுக்குக் கட்டுப்படியானால் போதும். கடனை அடைக்க அதை நம்பக் கூடாது. பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 29 வயதில் வேறு ஊரைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தவறு? கடன் வாங்காமலே போக உங்களால் முடியும் என்பதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

ஏஜென்ட் காட்டும் அவசரத்தைப் பாருங்கள். குலுக்கலில் தேர்வானவர் 28 நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது உண்மை. வயது 30-ஐத் தாண்டியிருக்கக் கூடாது என்பதும் உண்மைதான், ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. விசா கிடைத்தபின் நாட்டுக்குள் நுழைய 12 மாத அவகாசம் உண்டு. நவம்பர் கடைசியில் போய் இறங்கினால் செர்ரிப் பருவத்துக்குச் சரியாக இருக்கும். அதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் காட்ட வேண்டிய தொகை 5,000 டாலர், அதாவது 2.9 லட்சம். உங்கள் வைப்புத்தொகை அதற்கு மேலேயே இருக்கிறது. விசா கட்டணம் 2025–26 கணக்கில் 670 டாலர், ஏறத்தாழ 39,000 ரூபாய். ஒருவழி டிக்கெட், மருத்துவக் காப்பீடு (நம் நாட்டுக்கும் அவர்களுக்கும் இலவச மருத்துவ ஒப்பந்தம் இல்லை, காப்பீட்டில் கை வைக்காதீர்கள்), போலீஸ் சான்று, உடல் பரிசோதனை எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு லட்சம். ஆக 1.4 லட்சம். மாமாவுக்காக இதுவரை கட்டிய 1.28 லட்சத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயணச் செலவை ஏறக்குறைய ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள், கல்யாண் கடையில்.

ஏஜென்டின் 1.75 லட்சத்துக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. குலுக்கலில் பதிவு செய்ய 25 டாலர்தான் கட்டணம், அதை நீங்களே கட்டித் தேர்வாகிவிட்டீர்கள். பண்ணை வீடுகளையும் தங்க வருபவர்களையும் இணைக்கும் அமைப்புகளில் ஆண்டுச் சந்தா சில ஆயிரம் ரூபாய். அவருடைய கட்டணத்தை ஈடுகட்டவே எட்டு வாரம் செர்ரி பறிக்க வேண்டும். மூன்று மாதப் பண்ணை வாசமும் அதிகம். வாரம் 25 மணி நேர உழைப்புக்கு வெளியே 750 டாலர் பெறுமானம் உண்டு, அறையும் சாப்பாடும் 400-க்குள் அடங்கிவிடும். சம்பளமில்லாத வேலை இரண்டாவது ஆண்டு விசாவுக்குக் கணக்கிலும் வராது. ஊர் பழக மூன்று நான்கு வாரம் போதும். எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுமுறை, தனி அறை உண்டா என்பதை அந்தக் குடும்பத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். நல்ல குடும்பம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

டாலர் ஃபண்டுக்கு ஒரே வரி: 14 சதவீதக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு எந்த ஃபண்டும் வேண்டாம். அந்தச் செயலி சொல்வது அமெரிக்க டாலர், நீங்கள் சம்பாதிக்கப் போவது வேறு டாலர்.

மாமாவிடம் என்ன கேட்பது? 2.93 லட்சத்துக்கு அவர் தன் பெயரில் கடன் வாங்கி உங்கள் கடனை முடிக்க வேண்டும். அத்தையின் நகையை வைத்து நகைக்கடன் வாங்கலாம், வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடைக் கணக்கு ஒழுங்காக இருந்தால் சிறு வியாபாரிகளுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமலே கேட்கலாம். “என் பெயரில் வங்கி தராது” என்பார். அது ஏன் என்று அவரிடமே கேளுங்கள். வங்கிக்குத் தெரிந்த காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, இரண்டரை ஆண்டாக வங்கியாக இருந்துவரும் உங்களுக்கும் உண்டு. முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்று உங்கள் கடன் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும், பேசப் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

அவர் மாற்றிக்கொண்டால் மாதம் 25,000 வீதம் ஒன்பது மாதத்தில் 2.25 லட்சம் சேரும். பயணச் செலவு போக வைப்புத்தொகை அப்படியே நிற்கும். மாற்றவில்லை என்றால் தவணை போகச் சேமிப்பு 1.2 லட்சம்தான். அப்போது அதை உங்கள் கடனாகவே ஏற்று, கிளம்பும் முன் 12 தவணைக்கான 1.4 லட்சத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். வைப்புத்தொகையும் சேர்த்து, பயணச் செலவும் போக, நீங்கள் உண்மையில் செலவழிக்கக்கூடியது 1.6 லட்சத்துக்குச் சுருங்கும். கொஞ்சம் இழுத்துப்பிடிக்க வேண்டும், ஆனாலும் போகலாம். மாமா இடையில் ஏதாவது தந்தால் அது வரவு, எதிர்பார்ப்பு அல்ல.

அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: “உன் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவர், அவரிடம் கணக்குக் கேட்பதா?” அதனால்தான் இந்தப் பேச்சை அம்மா உடனிருக்கும்போதே பேசச் சொல்கிறேன். தொலைபேசியில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கல்யாணுக்கு இருவரும் போங்கள். வங்கியிலிருந்து இன்றைய தேதிக்கான நிலுவைச் சான்றையும், நீங்கள் கட்டிய 11 தவணையின் தேதிகளையும் ஒரே தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 1.28 லட்சத்தைக் கேட்க வேண்டாம், சண்டை அங்கேதான் தொடங்கும். மாற்றித் தருவதற்கு ஒரு தேதி மட்டும் கேளுங்கள், செப்டம்பர் 30 என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டாப்-அப் வேண்டாம் என்ற மின்னஞ்சலை வங்கிக்கு அனுப்பிவிட்டு அதன்பின் ரயிலேறுங்கள்.