முதலில் மூட்டைப் பாருங்கள்: மடக்குக் கத்தி கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போது நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். தோப்பில் கயிறு அறுக்க, பழம் நறுக்க, ஒட்டுக் கட்ட வேண்டும். கார்பன் ஸ்டீல் நல்லது என்கிறார்கள், துருப்பிடிக்குமே என்று தயக்கமாக இருக்கிறது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வீட்டிலிருக்கும் பழைய இரும்பு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூராகிவிடும். கார்பன் ஸ்டீலின் குணம் அதுதான். 1095 என்ற எஃகில் கார்பன் ஏறத்தாழ 1 சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லையென்றே சொல்லலாம். ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்தக் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாக நிற்பதால்தான் சாதாரணக் கல்லில் தீட்டும்போது அது அடம்பிடிக்கிறது.

வேலை முடிந்ததும் துணியால் துடைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்றால் தயங்காமல் கார்பன் வாங்குங்கள். கடலோரத்தில் இருந்து, மீன் வேலைக்கும் கேட்டிருந்தால் ஸ்டெயின்லெஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பென்சில்வேனியா மாநிலம் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் (Case) நிறுவனத்தின் மஞ்சள் பிடிக் கத்திகளைக் கேட்கச் சொல்லுங்கள். அலகின் அடியில் 3318 சிவி என்று முத்திரை இருக்கும். முதல் 3 மஞ்சள் பிடியையும், அடுத்த 3 அலகுகளின் எண்ணிக்கையையும், 18 நடுத்தர ஸ்டாக்மேன் (மாட்டுப் பண்ணைக்காரர்களின் மூன்று அலகுக் கத்தி) வடிவத்தையும் குறிக்கும். சிவி என்பது குரோமியமும் வனேடியமும் சிறிதளவே சேர்ந்த கார்பன் ஸ்டீல். எஸ்எஸ் என்று இருந்தால் அது ஸ்டெயின்லெஸ், வேண்டாம். மூடிய நீளம் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சட்டைப்பைக்குச் சரியான அளவு. மூன்று அலகில் நீளமானது பொது வேலைக்கு. நேர் வாய் கொண்டது கயிறு அறுக்க, கட்டையில் கோடு போட. மழுங்கிய மூக்குள்ளது மாட்டுப் பண்ணைகளில் காயடிப்பதற்காக வந்தது. குத்திவிடாது என்பதால் பழத்தோல் சீவ அதைத்தான் கை தேடும்.

ஒட்டுக் கட்டுவதற்கு மட்டும் தனிக் கத்தி வாங்குங்கள். மடக்குக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு இருப்பதால், குச்சியில் தட்டையான வெட்டு விழாது, ஒட்டு ஒட்டாமல் போகும். ஒட்டுக் கத்திக்கு ஒருபக்கச் சரிவு வேண்டும். இன்னொன்று, விமானத்தில் கத்தி கைப்பையில் வரக்கூடாது, பெட்டிக்குள் போட்டுக் கவுன்டரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது நல்ல கத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி என்று காட்டுகிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பிடியைக் கடைசியாகப் பாருங்கள். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியின் உயிர் அதன் மூட்டில் இருக்கிறது. மூட்டு என்றால் அலகின் அடிப்பாகம், அதைத் தாங்கும் ஆணி, பின்னால் அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் பட்டை, இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது.

முதலில் மூடிய கத்தியின் முதுகில் விரல் நுனியை ஓட்டுங்கள். ஸ்பிரிங்கும் இருபக்கப் பித்தளைத் தகடும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். திறந்துவிட்டு மறுபடி தடவுங்கள். மூடினால் எழும்பி, திறந்தால் பள்ளமாகிற ஸ்பிரிங் சரியாக அரம் போடாதது. மிக நல்ல வேலையில் பாதி திறந்த நிலையிலும் மட்டம் மாறாது. அடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு கோடு தெரிந்தாலும் உள்ளே ஈரமும் மணலும் போகும்.

திறக்கும்போது காதைக் கொடுங்கள். நல்ல கத்தி கடைசியில் ‘டக்’ என்று சுத்தமாக உட்காரும், மூடும்போதும் அப்படித்தான். சில கத்திகள் 90 பாகையில் ஒருமுறை நிற்கும். அலகின் அடி சதுரமாக இருப்பதுதான் காரணம், விரலுக்கு அது பாதுகாப்பு. அடி உருண்டையாக இருந்தால் நிற்காமல் ஓடும். அது குறையில்லை. நகம் முறிகிற அளவு இறுக்கமும் வேண்டாம், தலைகீழாக ஆட்டினால் திறக்கிற தளர்ச்சியும் வேண்டாம்.

அலகை முழுக்கத் திறந்து, துணி சுற்றிப் பிடித்து இடவலமாக அசையுங்கள். இலேசான ஆட்டம் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். வேலை செய்யச் செய்ய அது கூடுமே தவிரக் குறையாது. ஆணியை வீட்டில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் போய் எலும்புப் பிடியை விரிசல் விட்டவர்கள் நிறைய. மூன்று அலகுக் கத்தியில் சின்ன அலகுகள் கொஞ்சம் வளைந்திருந்தால் பயப்படாதீர்கள். ஒன்றையொன்று உரசாமல் மடங்குவதற்காக வேண்டுமென்றே வளைப்பார்கள்.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஸ்பிரிங்கின் உள்பக்கத்தில், அலகு மடங்கும் பள்ளத்தில் வைத்து, அலகைத் தன் விசையில் மூடவிடுங்கள். காகிதத்தில் வெட்டு விழுந்தால் வாய் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மட்டும் மழுங்கிக்கொண்டே இருக்கும். அலகின் அடியில் சின்னப் புடைப்பு இருக்கும், அதுதான் வாயை ஸ்பிரிங்கில் படாமல் தாங்குகிறது. அது உயரமாக இருந்தால் மூடிய கத்தியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப்பையைக் கிழிக்கும். அரத்தால் இரண்டு தடவு தடவினால் முனை உள்ளே இறங்கும். மூன்றாவது தடவலில் வாய் இடிக்கத் தொடங்கிவிடலாம், ஆகவே அரத்தை அளந்து தொடுங்கள்.

புதுக் கத்தி கரகரவென்று இருந்தால் குறை என்று முடிவு கட்டவேண்டாம். தொழிற்சாலைப் பாலிஷ் மாவு மூட்டில் தங்கியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 50 தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு, எண்ணெய் தெளிவாக வரும்வரை செய்யவேண்டும்.

கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த ஒப்பினெல் 8ஆம் நம்பர் கத்தி, மழைக்காலத்தில் திறக்கவே வரவில்லை. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பீச் மரப் பிடி ஈரத்தை இழுத்து ஊதியிருக்கிறது. அலகு நுழையும் பள்ளத்தின் இருபுறமும் இறுகிவிட்டது. வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் விடுங்கள். அவசரமென்றால், இந்தக் கத்தி பிறந்த பிரான்ஸின் சவோய் பகுதிக்காரர்களின் வழி இருக்கிறது: பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு கொஞ்சம் எகிறி வெளியே வரும். மரம் காய்ந்தபின், விசிட்டிங் கார்டில் 240 எண் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தின் உள்சுவரை, மூட்டுப் பக்கம் மட்டும், மெல்லத் தேயுங்கள். பிறகு உருக்கிய வாசலைனை மூட்டின் மரத்தில் ஊறவிட்டால் அடுத்த மழைக்கு அவ்வளவு பிடிக்காது. 1955இல் வந்த அந்த வளையப் பூட்டுதான் இந்தக் கத்தியின் சிறப்பு. விரல் மேல் மடங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: மாங்காய் நறுக்கியதும் புதுக் கத்தி நீலமும் கறுப்புமாகிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: தேய்க்கவே வேண்டாம். மாங்காயின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்த கறை அது. நல்ல தோல் மாதிரி அலகுக்கு மேல் படிகிறது. அது முற்ற முற்ற வெங்காயத்திலும் வாழைக்காயிலும் கறுப்பு ஏறுவது குறையும். புளி அந்தத் தோலையும் சேர்த்துக் கரைத்துவிடும், புத்தம்புது இரும்பு நம் ஊர் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துருவேறும்.

வேறுபாடு இப்படித்தான்: சாம்பல், நீலம், கறுப்பு என்றால் விட்டுவிடுங்கள். விரலில் ஆரஞ்சாக ஒட்டினால் அது துரு. எண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் உல் கொண்டு அந்த இடத்தை மட்டும் துடைத்தெடுங்கள். எண்ணெய்க்கு மருந்துக் கடையில் கிடைக்கும், எதுவும் கலக்காத லிக்விட் பாரஃபின் போதும். பழத்தோடு நம் வாய்க்குள் போனாலும் கேடில்லை. நல்லெண்ணெய் நாளாகப் பிசுபிசுத்து மூட்டை அடைக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். விளிம்பு நீலமாகிவிட்டது, இப்போது ஒரு தேங்காய் நார் அறுத்தாலே மழுங்குகிறது. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இந்த நீலம் வேறு, மாங்காய் நீலம் வேறு. சக்கரத்தின் சூட்டில் விளிம்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டிருக்கிறது. கார்பன் ஸ்டீலின் பதம் அதற்கு முன்னாலேயே இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் வாய் உடையாமல் மடிகிறது. மெல்லிய விளிம்பில் சூடு போக இடமில்லை, ஒரு நொடி போதும்.

நீலம் பட்ட பகுதி போகும்வரை, அதற்கப்பால் அரை மில்லிமீட்டரும் சேர்த்து, தண்ணீர் விட்ட 400 எண் கல்லில் தேய்த்து எடுங்கள். அலுக்கும் வேலைதான், குறுக்குவழி இல்லை. பிறகு 1000 எண் கல். அலகு 20 மில்லிமீட்டர் அகலமென்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்துங்கள், பக்கத்துக்கு 15 பாகை வரும். 10 மில்லிமீட்டர் அலகுக்கு இரண்டரை. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பியதா என்று விரலைக் குறுக்காக வைத்துத் தடவிப் பாருங்கள். எழும்பாத இடம் இன்னும் தீட்டப்படாத இடம். எழும்பியதும் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக, பத்து இழுப்பு. இனிமேல் கத்தியை எந்தச் சக்கரத்திலும் கொடுக்காதீர்கள்.